வாளி கிடைக்கும், மூடி கிடைக்குமா?

கேள்வி: அக்கா, மாரி தொடங்குமுன் அரிசி, மா, தூள் எல்லாவற்றையும் ஈரம் படாமல் மூடி வைக்க வேண்டும். மூடியுள்ள புது வாளிகளின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் சுவருக்குப் பூசி முடிந்த பெயின்ட் வாளிகள் 3 தந்தார்கள். நன்றாகக் கழுவி அரிசி போடலாமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: வேண்டாம், தங்கச்சி. எத்தனை தரம் தேய்த்தாலும் வேண்டாம். வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருந்தால் பயமில்லை என்று யாராவது சொல்வார்கள். அந்த இலக்கம் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்லும். பெயின்ட் வாளியிலும் அதே இலக்கம் இருக்கலாம். முன்பு அதற்குள் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

உணவு இருந்த வாளிக்கு நீங்கள் அதிக தூரம் போகவேண்டியதில்லை, காத்தான்குடி பக்கத்திலேயே இருக்கிறது. பேக்கரிகளுக்கும் கேக் செய்பவர்களுக்கும் மாஜரினும் ஜாமும் பெரிய வாளிகளில் வருவதுண்டு. காலைச் சந்தடியில் போய் நிற்காதீர்கள். பின்னேரம் வேலை ஓய்ந்த நேரத்தில் கேளுங்கள். சிலர் சும்மா தருவார்கள், சிலர் சிறு தொகை கேட்பார்கள். வாளியைவிட மூடியைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். அவசரத்தில் கத்தியால் நெம்பி மூடியைக் கிழித்துவிடுவார்கள், வாளி மட்டும் மிஞ்சும். “அடுத்த வாளி திறக்கும்போது மூடியை உடைக்காமல் எடுத்து வையுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் காரியம் ஆகும். 20 லீற்றர் வாளி ஏறத்தாழ 16 கிலோ அரிசி கொள்ளும். 25 கிலோ மூட்டை வாங்குகிறவர் என்றால் இரண்டாகக் கேளுங்கள்.

மாஜரின் வாளியில் எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் பழைய பத்திரிகையால் கொழுப்பை வழித்தெடுங்கள். பிறகு சுடுதண்ணீரும் சவர்க்காரமும். அதன் பின்னும் வாடை போகவில்லை என்றால் மூடியைப் பாருங்கள். உள்விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் இருந்தால் அதன் அடியில் பழைய கொழுப்பு ஒளிந்திருக்கும். ஈர்க்கு ஒன்றால் கிளப்பி எடுத்து, வளையத்தையும் அது இருந்த பள்ளத்தையும் தனித்தனியே கழுவுங்கள். மிச்ச வாடைக்கு அப்பச்சோடா கரைத்த தண்ணீரை ஓர் இரவு நிரப்பி வைத்து, மறுநாள் வெயிலில் காயவிடுங்கள். ஒட்டு ஈரமும் இருக்கக் கூடாது.

மிளகாய்த்தூள் போட்ட வாளி இனி மிளகாய்த்தூளுக்குத்தான். அந்த வாடை பிளாஸ்டிக்கை விட்டுப் போகாது. அவித்த மாவை ஆறவிட்டு மூடுங்கள். நான் ஒருமுறை பொறுமையில்லாமல் இளஞ்சூட்டோடு மூடிவிட்டேன். மூடியில் வியர்த்த தண்ணீர் சொட்டி, நாலாம் நாள் மாவில் பச்சைப் பூஞ்சணம். இடியப்பம் கனவாகிப் போனது. அரிசியை விளிம்பு வரை நிரப்புங்கள். வண்டின் முட்டை அரிசியோடேயே வீட்டுக்கு வந்துவிடும், மூடி அதைத் தடுக்காது. ஆனால் உள்ளே காற்று குறைந்தால் வண்டு பெருகுவதும் குறையும்.

பெயின்ட் வாளிகளை எறிந்துவிடாதீர்கள். ஒன்றின் அடியில் சூடான கம்பியால் ஐந்தாறு துளையிட்டு, மண் நிரப்பிப் பூச்செடி வையுங்கள். மற்றொன்று விறகுச் சாம்பலுக்கு, அல்லது சிரட்டைக்கு. மூன்றாவதில் கிணற்றடியில் தண்ணீர் பிடித்து வைப்பதானால் மூடியே வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஊற்றிவிட்டு உட்சுவரைத் தும்பால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் அந்த மூன்றாவதில் தண்ணீரே வேண்டாம், கவிழ்த்து வைத்துவிடுங்கள்.