தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வராதா?

கேள்வி: லண்டன் ஹீத்ரோவிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு 8,780 கி.மீ. என்று போட்டிருக்கிறது. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகுமாம். வகுத்தால் பத்து மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டிலோ போக 11 மணி நேரம், திரும்பி வர பத்தரை மணி நேரம். எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். அந்த 8,780 என்பது உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை லண்டனில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை லாஸ் ஏஞ்சலீஸ் வரை விறைப்பாக இழுத்துப் பாருங்கள். தட்டை வரைபடத்தில் தெரிவதுபோல அட்லாண்டிக்கை நேராகக் கடக்காமல், நூல் வடக்கே கிரீன்லாந்து மேல் ஏறிப் போய், கனடா வழியாகக் கீழே இறங்கும். பார்க்கவே அழகாக இருக்கும், குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.

ஆனால் விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. தரையிலிருந்து சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று இருக்கிறதே, அது சில நாள் மணிக்கு 300 கி.மீ. வேகத்தைக்கூடத் தாண்டும். 2020 பிப்ரவரியில் புயலோடு வந்த அந்தக் காற்று முதுகில் தள்ள, நியூயார்க்கில் கிளம்பிய ஒரு விமானம் 5 மணி நேரம்கூட ஆகாமல் லண்டனில் இறங்கிவிட்டது. எதிர்த்திசையில் போகிறவருக்கு அதே காற்று முகத்தில் அடிக்கும், அதனால்தான் உங்கள் டிக்கெட்டில் போகும்போது கூடுதல் நேரம். அப்புறம், அட்டவணை நேரம் என்பது விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

வான்வெளியை மூடிவிட்டால் கணக்கே மாறிவிடும். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டுவிட்டது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன!

கேள்வி: அதே பயணத்தில் மதியம் 12-க்குக் கிளம்பி அன்றைக்கே பிற்பகல் 3-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று மணி நேரம்தானா?

பதில்: இல்லை, 11 மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். லண்டனைவிட லாஸ் ஏஞ்சலீஸ் 8 மணி நேரம் பின்னால், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: இரண்டு நாடுகளும் கோடைக்காலக் கடிகார மாற்றத்தை (கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, பிறகு பழையபடி திருப்புவதை) ஒரே நாளில் செய்வதில்லை. மார்ச்சில் இரண்டு மூன்று வாரம், அக்டோபர் கடைசியை ஒட்டி ஒரு வாரம் வித்தியாசம் 7 மணி நேரம்தான். அந்த நாட்களில் யாராவது உங்களை அழைத்துப்போக வருவதாக இருந்தால், இறங்கும் நேரத்தை டிக்கெட்டில் உள்ளபடியே சொல்லுங்கள், நீங்களாகக் கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டாம்.