சீதனக் காணியை ஈடு வைக்க வேண்டாம்

போன கிழமை யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கிலிருந்து ஒரு தாயும் தகப்பனும், அடுத்து என்ன படிப்பிக்கலாம் என்று ஆலோசனை கேட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். கணிதப் பிரிவில் இரண்டு தடவை உயர்தரப் பரீட்சை எழுதியும் பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. தாயின் கையில் கொழும்புத் தனியார் கல்லூரி ஒன்றின் விளம்பரப் புத்தகம். மென்பொருள் பொறியியல் பட்டத்துக்குத் தங்குமிடச் செலவோடு 32 இலட்சம் ரூபாய். ரொறன்ரோ மாமா பாதி தருவாராம். மீதிக்குத் தாயின் சீதனக் காணியை ஈடு வைப்பதாக யோசனை. "எந்த நேரமும் போனும் பாட்டும்தான் ஐயா" என்று அந்தத் தாய் கண்கலங்கினார்.

கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். பிறகு மகனிடம், போனில் அப்படி என்ன இருக்கிறது, போட்டுக் காட்டுங்கள் தம்பி என்றேன்.

அவனுடைய அம்மப்பா அம்பாப் பாட்டுப் பாடுகிறார். கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றோடு பாடுகிற பாட்டு. கதிரையில் இருத்திக் கேட்டபோது அவருக்கு இரண்டு வரிக்கு மேல் நினைவு வரவில்லையாம். இவன் பழைய கயிறு ஒன்றைத் தென்னையில் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்திருக்கிறான். இழுக்க இழுக்கப் பாட்டு வந்திருக்கிறது, இருபது நிமிடம். 'ஏலேலோ' என்று அவர் விடுகிற இடங்களில் மறுகுரல் இல்லை, காற்று மட்டும் கேட்கிறது. ஒரு கொப்பியும் வைத்திருக்கிறான். பாட்டின் முதலடி, எந்தக் கரையில் யாரிடம் கற்றது, வலை இழுக்கத் தொடங்கும்போதா மீன் சேரும் வலைமடி கரையை நெருங்கும்போதா பாடுவது என்று கோடு போட்டுப் பிரித்து எழுதியிருக்கிறான். இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அண்மைக் காலத்தில் பல கரைகளில் வலையை இழுக்க உழவு இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரத்துக்குத் தாளம் தேவையில்லை, ஆகவே பாட்டும் நின்றுவிட்டது. அவன் 40 வினாடித் துண்டொன்றை ரிக்ரொக்கில் இட்டிருக்கிறான். பாரிஸிலிருந்து ஒருவர், தன் தகப்பன் பாடிய அடுத்த அடியைக் கீழே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லோரும் பாடகி யொஹானி ஆக முடியுமா என்று மாமா கேட்டாராம். முடியாது. 2021இல் அவர் பாடிய 'மெனிக்கே மகே ஹித்தே' என்ற சிங்களப் பாட்டு இந்தியாவெங்கும் பரவியதற்கு முன்பே அவர் பல ஆண்டுகளாகப் பாடல்களைப் பதிவேற்றிக்கொண்டிருந்தவர். அப்படி ஒரு அலை வருமென்று நம்பி எந்தப் பிள்ளையையும் நான் அனுப்ப மாட்டேன். ஆனால் இந்தத் தம்பி புகழைத் தேடவில்லை. அவனுக்குக் காது இருக்கிறது, கேட்டதை ஒழுங்காகப் பதிந்துவைக்கும் குணம் இருக்கிறது. கணிதம் அவன் கேட்டெடுத்த பிரிவும் அல்ல. அதே கணக்கை 32 இலட்சம் கட்டி இன்னொரு பெயரில் மூன்று வருடம் படி என்பது நியாயமே இல்லை.

இசைப் பட்டம் எடுத்து ஆசிரியர் நியமனம் பெறுவது பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை நான் சொல்லவில்லை. நான் சொல்வது ஒலிப்பதிவுத் தொழில். எங்கள் ஊரில் இப்போது கோயில் திருவிழா, கலியாணம், அந்தியேட்டிக் கிரியை எல்லாம் வெளிநாட்டு உறவுகளுக்காக நேரலையாகப் போகின்றன. படம் கண்ணாடி போல இருக்கும், நாதஸ்வரமோ தகரத்தில் தட்டுவது போல் கேட்கும். நல்ல படப்பிடிப்பாளர் பலர் இருக்கிறார்கள், ஒலி தெரிந்தவர் மிகக் குறைவு. முதல் சோறு அங்கேதான் இருக்கிறது. சிந்துநடைக் கூத்தில் உடுக்கையும் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரலையும் வெவ்வேறு மைக்கில் பிடிக்கவும், கடற்கரைக் காற்றுக்கு மைக்கில் மென்மயிர் உறை போடவும், சுருக்கப்படாத கோப்பாக 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்து இரண்டு இடத்தில் பிரதி வைக்கவும் தெரிந்த ஒருவனை ஊர்ச் சங்கங்களும் கலைக்குழுக்களும் தேடி வரும்.

அடுத்தது வெளியீடு. பதிவொன்றை ஸ்பொட்டிஃபை போன்ற இசைத் தளங்களுக்கு அனுப்பும்போது அதற்கென ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து-இலக்கக் குறியீடு தரப்படும். பாடியவர், மேளம் அடித்தவர், பதிந்தவர் பெயர்களைச் சரியாக இடாவிட்டால் பணம் மட்டுமல்ல, பெயரும் தொலையும். தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஒஸ்லோவில் பிறந்த பேரப்பிள்ளை தமிழெழுத்தில் தேடாது. வருமானத்தைப் பொறுத்தவரை மிகைப்படுத்த மாட்டேன். யூரியூப்பில் விளம்பரப் பங்கு பெறப் பொதுவாக 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் தேவை. ஸ்பொட்டிஃபையில் ஒரு பாடல் 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் காசு இல்லை. ஆகவே தளங்கள் அவனுடைய கடைவாசல். சம்பளம் வேலையிலிருந்துதான் வரும்.

உரிமை விடயத்தில் நான் இம்மியும் இறங்க மாட்டேன். 'என்ஜாய் எஞ்சாமி' என்ற தமிழ்ப் பாட்டு 2021இல் வெளிவந்து உலகெங்கும் போனது. தங்களுக்கு அதிலிருந்து எந்த வருமானமும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த நிலை. ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் எங்களுக்கே என்று ஒரு வரி இருந்தால் தம்பி கையெழுத்து வைக்கக்கூடாது. பாடிய முதியவரிடம் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும், வருகிற பணத்தில் அவருக்கும் பங்கு வைக்க வேண்டும். எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிகத்துக்குப் பயன்படுத்துவது பற்றித் தனிப்பிரிவே இருக்கிறது. அதையும் வாசித்துவிட்டு இறங்கட்டும்.

செலவுக்கு என் கணக்கு இது. ஒரு கைப்பதிவுக் கருவி, இரண்டு மைக், நல்ல காதொலிப்பான். பாவித்தவையாக இருந்தாலும் போதும். மாமா தருவதாகச் சொன்னதில் சிறு துண்டே இதற்குக் காணும், காணி காணியாகவே இருக்கட்டும். காசு கொடுத்துப் பின்தொடர்வோர் வாங்க ஒரு சதமும் வேண்டாம். எந்தப் பயிற்சிநெறியில் சேர்ந்தாலும் அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இதற்கிடையில் அந்தக் கொப்பியையும் பதிவுகளையும் நூலகம் நிறுவனத்தினரிடம் காட்டட்டும். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருபவர்கள் அவர்கள். வேலை கிடைக்குமோ தெரியாது, வேலை எப்படிச் செய்வது என்று தெரியவரும். பதினெட்டு மாதம் தவணை கொடுங்கள். அதுவரை மாமாவின் தொலைபேசிக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

போகும்போது தகப்பன் வாசலில் நின்றார். சிறுவயதில் தானும் அந்தக் கயிற்றில் நின்றவர்தான் என்றார். மறுகுரல் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டினார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை, காற்று எழும்ப முன்னம், அப்பாவையும் கயிற்றில் நிறுத்திப் பதியுங்கள் தம்பி என்றேன்.