ஈஸ்ட் செல்லில் பாஸ்பேட் ஒட்டினால் மரபணு எப்படி இயங்குகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் பயிலும் தங்கையின் இந்தக் கேள்விக்குத் தோட்டத்துக் கள்ளே நல்ல சான்று. தென்னம்பாளைச் சாற்றிலுள்ள சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ். அதை உடைக்க ஈஸ்டுக்கு இன்வர்டேஸ் நொதி வேண்டும். குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்வரை, மிக்1 என்னும் புரதம் உட்கருவில் இருந்துகொண்டு அந்நொதிக்கான சுக்2 மரபணுவை அடக்கிவைக்கிறது. குளுக்கோஸ் குறைந்ததும் ஸ்னஃப்1 என்ற கைனேஸ், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து, மிக்1-இல் உள்ள செரின் என்னும் அமினோ அமிலங்களில் பொருத்துகிறது. மிக்1 பிடி தளர்ந்து உட்கருவைவிட்டு வெளியேறுகிறது. சுக்2 மரபணு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுவது பெருகுகிறது. குளுக்கோஸ் திரும்பினால் பாஸ்படேஸ் நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும்.

“பாஸ்பேட் என்றாலே இயக்கம்” என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள், அம்மா. இங்கே அடக்கும் புரதம் முடங்கியதால்தான் மரபணு இயங்கியது. ஈஸ்டின் இன்னொரு புரதமான ஃபோ4, மாறாக, மரபணுக்களை இயக்குவது. அதில் பாஸ்பேட் ஏறினால் அதுவே உட்கருவிலிருந்து வெளியேற்றப்பட்டு, அது இயக்கும் ஃபோ5 மரபணு அடங்கிவிடுகிறது.