ஐஸ்கிரீம் காக்டெயில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெனிலா ஐஸ்கிரீமில் ரம் ஊற்றி மிக்ஸியில் அடித்தேன். கிளாஸில் ஊற்றினால் வெறும் பாலாக ஓடுகிறது. ஏன்?

எவ்வளவு ரம், எவ்வளவு நேரம் அடித்தீர்கள் என்று எழுதவில்லை. இரண்டுமே அதிகமாகத்தான் இருந்திருக்கும். ஓர் ஆளுக்கு 150 கிராம் ஐஸ்கிரீம், அதற்கு 30 மில்லி மது. ஆசைக்கு 45 வரை போகலாம். 60 மில்லி ஊற்றிவிட்டு ஐஸ்கிரீமைக் குறை சொல்லக் கூடாது.

பாட்டிலை முதல்நாளே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறையாது, பயம் வேண்டாம். மிக்ஸி ஜாரையும் கிளாஸையும் கால் மணி நேரம் உள்ளே வைத்து எடுங்கள். ஜாரின் அடியில் பனி நீர் கோத்திருக்கும். அதைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே மோட்டார் மேல் வையுங்கள். முதலில் மதுவை ஊற்றி, அதன் மேல் ஐஸ்கிரீமைப் போட்டால் பிளேடு சட்டென்று பிடிக்கும். விட்டு விட்டு நான்கைந்து சுற்று போதும். தொடர்ந்து ஓடவிட்டால் பிளேடின் சூடே உருக்கிவிடும்.

டப்பாவையும் பார்த்து வாங்குங்கள். ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று அச்சிட்டிருந்தால் அது தாவரக் கொழுப்பில் செய்தது. சாதாரண ஐஸ்கிரீம் என்றால் குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவு விதி. இரண்டு ஒரு லிட்டர் டப்பாக்களைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமானதை எடுங்கள். லேசானதில் காற்றுதான் அதிகம், அடித்ததும் அமுங்கிவிடும்.

வீட்டில் பிராந்தி மட்டும்தான் இருக்கிறது. அதில் ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தாரும் நம் ஊர்க்காரர்களைப் போலவே பிராந்திப் பிரியர்கள். அங்குள்ள ‘சப்பர் கிளப்’ உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் ‘பிராந்தி அலெக்சாண்டர்’ வரும். மூல காக்டெயிலில் பிராந்தி, கோகோ மது (கோகோ மணமுள்ள இனிப்பு மது), கிரீம் ஆகிய மூன்று. விஸ்கான்சினில் கிரீமை எடுத்துவிட்டு ஐஸ்கிரீமைப் போட்டார்கள். என் கணக்கில் அதுவே மேல்.

கோகோ மது கிடைக்காவிட்டால் ஒரு தேக்கரண்டி கோகோ பொடியை இரண்டு தேக்கரண்டி சர்க்கரைப் பாகில் கட்டியில்லாமல் குழைத்து, ஆறவைத்துச் சேருங்கள். மேலே ஜாதிக்காயைத் துருவித் தூவுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிராந்தியின் காரத்துக்கும் பாலின் இனிப்புக்கும் நடுவே நின்று இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது அந்த மணம்தான். டப்பாவில் வரும் ஜாதிக்காய்ப் பொடியில் அது பாதிகூட இருக்காது.

விருந்துக்கு முதல்நாளே கலந்து ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாளும் கூழாகவே இருந்தது. ஃப்ரீசரில் கோளாறா?

ஃப்ரீசர் நன்றாகத்தான் இருக்கிறது. தூய ஆல்கஹால் உறைவது மைனஸ் 114 டிகிரி செல்சியஸில். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 வரைதான் போகும். நம் கடைகளில் விற்கும் 42.8 சதவீதச் சரக்கு அந்தக் குளிரில் உறையாது; தன்னோடு சேர்ந்த ஐஸ்கிரீமையும் இறுக விடாது. கரண்டியில் வெட்டி எடுக்கும் பதம் வேண்டுமானால் அரை லிட்டர் ஐஸ்கிரீமுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் மது சேர்க்காதீர்கள். உறிஞ்சிக் குடிப்பதற்கென்றால் அந்தக் கூழ்ப் பதமே சரி. முள்கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டுப் பரிமாறுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் ஆல்கஹால் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். எங்கும் போகாது. டப்பா மேல் பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எலுமிச்சைச் சாறு விட்டதும் திரிந்துவிட்டது.

பாலில் புளிப்பு விட்டால் வேறென்ன ஆகும்? எலுமிச்சைதான் வேண்டுமென்றால் சோர்பேக்குப் போங்கள்; பால் சேராமல் பழச்சாறும் சர்க்கரையும் கலந்து உறையவைத்தது அது. வெனிஸ்காரர்களின் ‘ஸ்க்ரோப்பினோ’ அப்படிச் செய்வதுதான்: எலுமிச்சை சோர்பே, சிறிது வோட்கா, புரோசெக்கோ என்னும் நுரைக்கும் ஒயின். கிண்ணத்தில் போட்டுக் கையால் அடியுங்கள். நுரைக்கும் எதையும் மூடிய மிக்ஸியில் போட்டால் மூடி கூரைக்குப் போகும்.

விஸ்கி பொருந்துமா?

புகை வாசம் உள்ளது வேண்டாம். மக்காச்சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கியான போர்பன் நன்றாகச் சேரும்.

நாங்கள் மது தொடுவதில்லை. எங்களுக்கு ஒன்று சொல்லுங்கள்.

பீன்யா கொலாடா. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தது. 1978-இல் அந்தத் தீவின் தேசிய பானமாகவே அறிவித்தார்கள். ரம், தேங்காய் கிரீம், அன்னாசி ஆகிய மூன்றில் ரம்மை எடுத்துவிட்டாலும் தாக்குப்பிடிக்கும் பானம் இது. உறையவைத்த அன்னாசித் துண்டு ஒரு கப், தேங்காயின் முதல் பால் அரை கப், வெனிலா இரண்டு உருண்டை, ஒரு சிட்டிகை உப்பு.

ஒரு எச்சரிக்கை. வேகவைக்காத அன்னாசியில் புரோமலின் என்னும் நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தை உடைக்கும். அடித்த உடனே குடித்தால் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் வைத்தால் கசப்பு ஏறிவிடும். உறையவைப்பதால் நொதி சாகாது, சூடுதான் கொல்லும். ஆகவே துண்டுகளைச் சிறிது சர்க்கரையோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பின் உறையவையுங்கள். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, அப்படியே உறையவைக்கலாம். தேங்காய்ப்பாலைக் குளிர்பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே கட்டிவிடும். ஜாரில் ஊற்றும் முன் கலக்கிக்கொள்ளுங்கள்.