கூரையை அறுக்கும் முன் அளவெடுங்கள்

கேள்வி: 1/24 அளவில் வோக்ஸ்வாகன் பீட்டில் மாடல் கார் செய்யும் பிளாஸ்டிக் கிட் (உதிரிகளைப் பொருத்தி ஒட்டும் தொகுப்பு) ஒன்று வாங்கினேன். பேட்டரி மோட்டார் வைத்து ஓட்டும்படி செய்த பழைய வகை. பசை போடாமல் சும்மா பொருத்திப் பார்த்தபோதே மனசு விட்டுப்போனது. கூரை தூக்கலாக இருக்கிறது. கார் மொத்தமும் பொய்க்கால் கட்டிக்கொண்டு நிற்பது போலத் தெரிகிறது. கூரைத் தூண்களில் இரண்டு மில்லிமீட்டர் அறுத்து இறக்கினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். அறுக்கலாமா, வேறு கிட் வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ரம்பத்தை உள்ளே வைத்துவிட்டு வெர்னியர் காலிபரை எடுங்கள் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். மூன்று அளவுகள் அனுப்பினீர்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், 100 மி.மீ. தரையிலிருந்து கூரை உச்சி வரை 65 மி.மீ. டயரின் விட்டம் 25 மி.மீ.

நிஜ பீட்டிலின் வீல்பேஸ் 2400 மி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் சரியாக 100. உங்கள் கிட் அதில் தேறிவிட்டது. இது சின்ன விஷயம் இல்லை. வீல்பேஸ் தப்பாக இருக்கும் கிட்டில் கதவு, மட்கார்ட், தரை என்று எல்லாவற்றையும் நறுக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கிட்டை வைத்துக்கொள்ளவே நான் சொல்ல மாட்டேன். 96 மி.மீ. வந்திருந்தால் அது 1/25 அளவு கிட் என்று அர்த்தம். அப்போது 1/24 சக்கரங்கள் வாங்கி மாட்டினால் கிட்டத்தட்ட நான்கு சதவீதம் பெரிதாகத் தெரியும்.

உயரத்துக்கு வருவோம். நிஜக் காரின் உயரம் சுமார் 1500 மி.மீ. 1/24-ல் 62.5 வர வேண்டும். உங்களுடையது 65. ஆக இரண்டரை மி.மீ. கூடுதல் என்பது உண்மைதான். நண்பரின் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டரை மி.மீ. கூரையில்தான் இருக்கிறது என்று எப்படி முடிவு செய்தார்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிஜக் காரை நேர்ப் பக்கவாட்டில் காட்டும் நல்ல படம் ஒன்றை எடுத்து, அதில் வீல்பேஸ் 150 மி.மீ. வரும்படி பெரிதாக்கி அச்சிடுங்கள். படத்தில் நீங்கள் அளக்கும் எதையும் ஒன்றரையால் வகுத்தால் உங்கள் மாடலில் இருக்க வேண்டிய அளவு கிடைக்கும். கதவுக்குக் கீழே ஓடும் கால்பலகையின் அடி விளிம்பிலிருந்து கூரை உச்சி வரை அளந்து, அதையே பாடியில் அளந்து ஒப்பிடுங்கள்.

படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பீட்டிலின் மட்கார்டுகள் வெளியே துருத்தி நிற்கும். கூரை உள்ளே தள்ளியிருக்கும். காருக்குப் பக்கத்தில் நின்று போனில் எடுத்த படத்தில், கேமராவுக்கு அருகே இருக்கும் மட்கார்டும் சக்கரமும் பெருத்து, தள்ளியிருக்கும் கூரை சிறுத்துத் தாழ்ந்து தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாடலைப் பார்த்தால் எந்த மாடலின் கூரையும் தூக்கலாகத்தான் தோன்றும். பதினைந்து இருபது மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து, நேர்ப் பக்கவாட்டில் எடுத்த படத்தை மட்டும் நம்புங்கள். கூரை தப்பு என்று முடிவு கட்டப்பட்ட எத்தனையோ கிட்கள் இந்த ஒரு சோதனையில் குற்றமற்றவை ஆகியிருக்கின்றன.

நீங்களும் அளந்து எழுதினீர்கள்: பாடியில் அரை மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. அப்படியானால் பாடி சரி. அது நிற்கும் உயரம்தான் தப்பு. மோட்டார் கிட்களில் இது அடிக்கடி நடக்கும். பேட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்க வேண்டும், சக்கரம் எங்கேயும் உரசாமல் சுற்ற வேண்டும். அதனால் மட்கார்டுக்குள் தாராளமாக இடம் விட்டு, சக்கரத்தைச் சிறிதாக்கி, அச்சைக் கீழே வைத்துவிடுவார்கள்.

சக்கரத்தையும் கணக்குப் பார்க்கலாம். பீட்டிலுக்குப் பிற்காலத்தில் பரவலாகப் போட்ட டயர்களில் ஒன்று 165/80 ஆர்15. அகலம் 165 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. மேலும் கீழும் சேர்த்து 264. நடுவில் 15 அங்குல ரிம், 381 மி.மீ. கூட்டினால் 645. இதை 24-ஆல் வகுத்தால் 26.9 மி.மீ. உங்கள் கிட் டயர் 25. கிட்டத்தட்ட இரண்டு மி.மீ. குறைவு. மட்கார்டுக்குள் சக்கரம் தொலைந்துபோனது போல இருப்பதும், கார் பொய்க்காலில் நிற்பது போலத் தோன்றுவதும் இந்தச் சின்னச் சக்கரமும் தாழ்ந்த அச்சும் சேர்ந்ததால்தான். எந்தக் காரின் டயருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சக்கரம் தனியாக வாங்குவதற்கு முன் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது திருத்தம். 26.9 மி.மீ. டயர் போட்டால் அச்சு 0.95 மி.மீ. மேலே போகும், கூடவே காரும் உயரும். 65 என்பது ஏறக்குறைய 66 ஆகிவிடும். அதனால் நீங்கள் இறக்க வேண்டியது இரண்டரை இல்லை, மூன்றரை மி.மீ. சக்கரத்தை மாற்றுவதற்கு முன்பே இரண்டரை மி.மீ. இறக்கிவிட்டு, மாற்றிய பின் மறுபடி தலையைப் பிடித்துக்கொள்பவர்கள் நிறைய பேர். முதலில் சக்கரம், அப்புறம் உயரம்.

இறக்குவதற்கு இரண்டு வழி உண்டு. சேஸியைத் தாங்கும் முட்டுகளைச் சீவி, சேஸியையே பாடிக்குள் இன்னும் மேலே ஏற்றுவது ஒன்று. சுலபம்தான், ஆனால் உங்கள் கிட்டுக்கு ஆகாது. பேட்டரிக்காக உள்தரை ஏற்கெனவே உயர்ந்திருக்கிறது; இன்னும் ஏற்றினால் இருக்கைகள் ஜன்னலை எட்டிப் பார்க்கும். அச்சுத் துளையை மேலே நகர்த்துவதுதான் சரியான வழி. பழைய துளையில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் குச்சியைச் செருகி ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சமமாக அறுத்து, மூன்றரை மி.மீ. மேலே புதிய துளை போடுங்கள். கையால் திருகும் சின்ன டிரில் போதும். மின்சார டிரில்லின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகித் துளை கோணிவிடும். சேஸியின் அடிப்பகுதி அச்சுக்கு இடைஞ்சலாக வந்தால் அங்கே ஒரு பள்ளம் வெட்டுங்கள். கவிழ்த்தால் ஒழியத் தெரியாது.

பசை போடும் முன் பாடியை மேலே வைத்து, காரின் மூக்குக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் முட்டினால் மட்கார்டை உள்ளிருந்து தேயுங்கள். அந்தச் சுவர் தேவைக்கு மேல் தடிமனாகத்தான் வார்க்கப்பட்டிருக்கும். சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நின்றால் அரை மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் வளையம் வெட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்து வெளியே தள்ளுங்கள். இது மிகச் சின்ன வேலை, ஆனால் கண்ணுக்குத் தரும் மாற்றம் பெரிது. கார் நிற்கும் விதம் சரியாகிவிட்டால் மற்ற பல தப்புகளைக் கண் மன்னித்துவிடும்.

கூரை உண்மையிலேயே தப்பாக இருந்த கிட்களும் உண்டு. அவற்றில் அறுப்பதாக இருந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: தூண்கள் நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கின்றன. முப்பது டிகிரி சாய்ந்த தூணில் உயரத்தில் இரண்டு மி.மீ. எடுத்தால், அதன் மேல்முனை பக்கவாட்டில் 1.15 மி.மீ. விலகும். முன்னும் பின்னும் அப்படி விலகினால் கூரையில் இரண்டு மி.மீ.க்கு மேல் நீளம் போதாமல் போகும். கூரையைக் குறுக்கே வெட்டி இடையில் தகடு கொடுக்க வேண்டும், அல்லது தூணின் சாய்வை மாற்ற வேண்டும். நான் முதன்முதலில் கூரை வெட்டியபோது இந்தக் கணக்கைப் போடவில்லை. அந்தப் பாடியைக் கடைசி வரை காப்பாற்ற முடியவில்லை. உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டியில் 1966 மாடல் பீட்டில் என்று போட்டிருக்கிறது. ஹெட்லைட் மட்டும் அந்த வருடக் காரைப் போல இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. இதைச் சொல்லிப் பணம் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. பீட்டிலின் ஹெட்லைட் 1967 மாடல் வரை பல நாடுகளில் சாய்ந்த கண்ணாடி மூடியோடு வந்தது. 1968 மாடலிலிருந்துதான் நிமிர்ந்தது. பின் கண்ணாடியும் வருடத்தைச் சொல்லிவிடும். 1953 தொடக்கம் வரை இரட்டைக் கண்ணாடி, அதன்பின் 1957 வரை ஒற்றை நீள்வட்டம், 1958 மாடலிலிருந்து பெரிய செவ்வகம். முன் கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் 1965 மாடலில் பெரிதாயின. வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் படத்தில் சரிபார்த்தால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, விற்கும் பொருள் அதன் விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பது பல நாடுகளின் நுகர்வோர் சட்டத்தில் உள்ள விதி. பெட்டியில் அச்சிட்ட வருடமும் அளவும் விவரிப்புதான். பெட்டியின் மேல் தீட்டிய ஓவியத்தை வைத்து வாதாடுவது கடினம். கூரையின் வளைவு ஒரு மி.மீ. பிசகு என்ற புகாரும் எடுபடாது. வருடத்தைக் காட்டிக் கேட்கலாம், ஆனால் உதிரிகள் அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து வெட்டப்படாமல் இருக்க வேண்டும். ஒன்றை வெட்டி எடுத்துவிட்டால் கடைக்காரர் மறுப்பதற்குக் காரணம் கிடைத்துவிடும். ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை வெட்டுவது இல்லை. எண்ணிப் பார்ப்பது, அளப்பது, போட்டோ எடுப்பது.

திருப்பிக் கொடுக்க மனமில்லை என்றால் பெட்டியில் உள்ள வருடத்தை மறந்துவிட்டு, மற்ற கண்ணாடிகளும் ஒத்துவந்தால் 1968 காராகவே செய்துவிடுங்கள். அந்த வருடத்தின் பம்பரையும் பின் விளக்கையும் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவையும் மாறியிருக்கின்றன.

கேள்வி: புதிய வெளியீடு என்று வாங்கினேன். உள்ளே பார்த்தால் விளிம்பெல்லாம் பிசிறு. ஏமாந்துவிட்டேனா?

பதில்: புதிய பெட்டி வேறு, புதிய வார்ப்பு அச்சு வேறு. பல பத்தாண்டுகளுக்கு முன் வெட்டிய எஃகு அச்சிலேயே திரும்பத் திரும்ப வார்த்துப் புதுப் படத்தோடு விற்பது இந்தத் தொழிலில் சகஜம். சேஸியின் அடியில் பொறித்திருக்கும் வருடத்தைப் பாருங்கள், பல கிட்களில் இருக்கும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் முதலில் எந்த வருடம் அச்சு செய்யப்பட்டது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பிசிறைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம். அதற்காக நல்ல வடிவமுள்ள பழைய கிட்டை ஒதுக்க வேண்டாம்.

கேள்வி: கிட்டில் வரும் கண்ணாடி தடிமனாக, பூதக்கண்ணாடி போல இருக்கிறது. மாற்ற முடியுமா?

பதில்: கட்டாயம் மாற்றுங்கள். ஒரு மி.மீ. தடிமன் என்பது 1/24-ல் 24 மி.மீ. கண்ணாடிக்குச் சமம். நிஜக் காரில் சுமார் ஐந்து மி.மீ.தான் இருக்கும். 0.2 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் தாள் கிட்டத்தட்ட சரியான அளவு. பீட்டிலின் கண்ணாடிகள் பெரும்பாலும் தட்டையானவை அல்லது ஒரே பக்கம் லேசாக வளைந்தவை. அதனால் தாளை வெட்டி வளைத்தால் உட்கார்ந்துவிடும். 1303 என்ற பீட்டில் வகையின் முன் கண்ணாடி மட்டும் அதிகம் வளைந்தது. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போதும். சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டுத் தாள் வெளுத்துவிடும். கிட் கண்ணாடியையே வைப்பதானால் அதன் ஓரத்தைக் கறுப்பு மார்க்கரால் தடவுங்கள். தடிமன் பாதி மறைந்துவிடும்.

கேள்வி: பள்ளம் நிரப்ப எந்த புட்டி வாங்குவது?

பதில்: கீறலையும் சிறு பள்ளத்தையும் நிரப்பக் குழாயில் வரும் சாதாரண புட்டி போதும். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகித்தான் அது காயும். ஆகவே தடிமனாகப் போட்டால் சுருங்கும், அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக்கையும் இளக்கும். மட்கார்ட் வளைவைப் புதிதாகக் கட்டுவது போன்ற வேலைக்கு இரண்டு பாகம் கலக்கும் பாலியெஸ்டர் புட்டி வாங்குங்கள். அப்போதும் புட்டியால் மட்டும் கனம் சேர்க்காதீர்கள். முதலில் ஸ்டைரீன் தகட்டை ஒட்டி உருவத்தைக் கொண்டுவாருங்கள், மேலே மெல்லியதாகப் புட்டி. தேய்க்கும்போது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

கேள்வி: குரோம் பூசிய பம்பரை மெலிதாக்க வேண்டும். குரோமை எடுப்பது எப்படி?

பதில்: வீட்டில் துணி வெளுக்கப் பயன்படுத்தும் பிளீச்சில் ஊறப்போட்டால் வெள்ளிப் பூச்சு கரைந்துவிடும். அடியில் வழுவழுப்பான வார்னிஷ் மிஞ்சினால் உப்புத்தாளால் தேயுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிளீச்சோடு வினிகர், அமிலம், அமோனியா கலந்த கழுவுதிரவம் எதையும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வரும். பம்பரை மெலிதாக்கிய பின் மேலே ஒட்டும் உலோகத் தாளைப் போர்த்தினால், கிட்டோடு வந்த குரோமைவிட நிஜமாகத் தெரியும்.