பாத்திரம் வருவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இறந்த உங்கள் நண்பரைப் பற்றி நீங்கள் எழுதிய அஞ்சலிக் குறிப்பை வாசித்தேன். குடியில் கிடந்தவர் கிறிஸ்துவிடம் திரும்பி மீண்டார், கடைசி 15 வருடம் ஒரு சொட்டும் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் சித்தப்பாவும் குடித்தே இறந்தவர். அவருக்காக எங்கள் வீட்டில் வேண்டாத தெய்வமில்லை. ஆகவே கேட்கிறேன்: உங்கள் நண்பரைக் காப்பாற்றியது மருத்துவமா, மதமா? ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்குப் போனார் என்று சொன்னால் தவறா? நீங்கள் கோயிலுக்கே போகாதவர் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கே., மதுரை

அன்புள்ள கே.,

அவன் வாழ்க்கையை நான் இரண்டு வரியில் சுருக்கியது பிழை. ‘கிறிஸ்துவிடம் திரும்பி மீண்டார்’ என்பதைப் படித்திருந்தால் அவனே சிரித்திருப்பான். “முதலில் ஊசி, பிறகு நாற்காலி, அதற்கப்புறம்தான் கர்த்தர்” என்பது அவன் சொல்லும் வரிசை.

2009 மே மாதம் அறையைப் பூட்டிக்கொண்டு தானாகவே நிறுத்தப் பார்த்தான். மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் எறும்பு என்று போர்வையால் அடித்துக்கொண்டிருந்தான். ஓர் எறும்புகூட இல்லை. வருடக்கணக்காக நாள் முழுக்கக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இப்படிப் பிதற்றல் வரலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். எனக்கு அது அன்று தெரியாது. அவன் மனைவிக்குத் தெரிந்திருந்தது, ஆட்டோ பிடித்தார். மருத்துவமனையில் பத்து நாள் வைத்து, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், தயமின் (பி1 வைட்டமின்) ஊசி போட்டார்கள். அந்தப் பத்து நாளில் ஜெபம் செய்த நினைவே அவனுக்கு இல்லை. உங்கள் வீட்டு வேண்டுதலில் குறை இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை, கே. இந்தப் பத்து நாள் உங்கள் சித்தப்பாவுக்குக் கிடைத்ததா என்பதுதான் என் கேள்வி.

நாற்காலி என்றது ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டத்து பிளாஸ்டிக் நாற்காலியை. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கியது. இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். 1957இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. கட்டணம் கிடையாது. எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று சொல்வார்கள். வெளியாட்களை அனுமதிக்கும் கூட்டங்களுக்கு நானும் துணைக்குப் போயிருக்கிறேன். ஆயுளுக்கும் குடிக்க மாட்டேன் என்று யாரும் அங்கே சத்தியம் செய்வதில்லை. இன்றைக்கு ஒரு நாள், அவ்வளவுதான் கணக்கு. (அவனோடு எத்தனையோ மாலைகள் உட்கார்ந்து குடித்தவன் நான். எனக்கு நிறுத்த முடிந்தது. அதை என் ஒழுக்கத்தின் கணக்கில் எழுத நான் தயாரில்லை.)

1961 ஜனவரியில் பில் வில்சன் உளவியலாளர் கார்ல் யுங்குக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினார். உன்னை மருத்துவத்தால் மீட்க முடியாது, ஆன்மிக அனுபவம் ஒன்று நேர்ந்தால் உண்டு என்று யுங் முன்பு ஒரு நோயாளியிடம் சொல்லியிருந்தார், ஏ.ஏ. பிறந்ததில் அந்தச் சொல்லுக்குப் பங்குண்டு. அதே மாதம் யுங் பதில் எழுதினார். குடிவெறி என்பது ஆன்மிகத் தாகத்தின் கீழ்நிலை வடிவம் என்றார், வேதாகமத்தின் 42ஆம் சங்கீதத்தைச் சுட்டினார். “மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல” என்று தொடங்கும் சங்கீதம். நான் பரவசமாக இதை அவனிடம் சொன்னேன். “பெரிய மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்குத் தாகமெல்லாம் இல்லை, பத்து மணிக்குக் கடை திறக்கும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது” என்றான். ஆனால் பிறகு பார்த்தபோது அவன் வேதாகமத்தில் அந்த வசனத்தின் கீழ் பென்சில் கோடு இருந்தது.

அவன் மதம் மாறியவன் அல்ல. பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். குடியை விட்டு ஒரு வருடம் கழித்துத்தான் ஞாயிறு தவறாமல் போக ஆரம்பித்தான். அடுத்த ஒரு வருடம் அவனைச் சகிக்க முடியவில்லை. விடிந்ததும் செல்பேசியில் வசனம் வரும், என் ஆத்துமா நரகத்துக்குப் போகிறது என்று கண்கலங்குவான். அந்த ஒரு வருடத்துக்கு ‘இன்னொரு போதை’ என்ற உங்கள் சொல் பொருந்தும், மறுக்க மாட்டேன்.

ஆனால் கிறிஸ்துவை நினைத்து அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறுகளில் நடந்ததை அவன் மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறார். பீடத்தின் முன் முழங்காலிட்டு அப்பத்தை வாங்குவான். திராட்சரசப் பாத்திரம் தன்னிடம் வருவதற்கு முன் எழுந்து போய்விடுவான். மூன்றாம் முறை ஐயர் கவனித்துவிட்டார். (நெல்லைச் சீமையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.) அழைத்து விசாரித்தார். “அப்பம் போதும். ஆனால் எழுந்து ஓடாதே. முழங்காலிலேயே இரு, நான் உன்னைத் தாண்டிப் போகிறேன்” என்றாராம். அன்றிலிருந்து அப்படித்தான். பாத்திரம் அவனை மட்டும் தாண்டிப் போவதைச் சபை முழுக்கப் பார்க்கும். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

குடிக்கிற காலத்தில் இவன் குவார்ட்டர் பாட்டிலை அரிசிப் பானைக்குள் புதைத்தவன், சைக்கிள் சீட்டுக்கு அடியில் துணி சுற்றிச் செருகியவன். ஒளிப்பதே முழுநேர வேலை. அப்படிப்பட்டவன் தன் பலவீனத்தை ஊர் பார்க்க வைத்துக்கொண்டு அத்தனை வருடம் மண்டியிட்டிருந்தான் என்றால், அதைப் போதை என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. அதைக் கொடுத்தது கடவுளா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவன் கடவுள் என்றே சொன்னான்.

கல்லீரல் மட்டும் மன்னிக்கவில்லை. குடியை நிறுத்தும்போதே சுருங்கத் தொடங்கியிருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவன் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். குடியால் யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதி, முடிந்தவரை ஈடுசெய்வது ஏ.ஏ. வழிமுறையின் படிகளில் உண்டு. என் பெயருக்கு நேரே 350 ரூபாய் என்று எழுதி அடித்திருந்தது. கொடுத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது, ஒருநாள் வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். அடிக்காமல் ஒரே ஒரு வரிதான் மிச்சம்: ‘ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு டீக்கடை, 85 ரூபாய்.’

“எந்தக் கடை, அண்ணன்?” என்று கேட்டார். பஸ் நிலையத்தை இடித்துக் கட்டியதில் பழைய கடைகள் எல்லாம் போய்விட்டன. இரண்டு பேரிடம் விசாரித்திருக்கிறேன். ஒருவர், அந்தக் கடைக்காரரின் மகன் பேட்டையில் இருப்பதாகச் சொல்கிறார். வரும் ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.