பள்ளி டெஸ்டிங், சிறப்புக் கல்வித் தகுதி: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு டெஸ்டிங் செய்யும் உளவியலாளர் நான். வக்கீல் அல்ல, டாக்டரும் அல்ல. மருந்து பற்றிக் கேட்டால் பதில் வராது.

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு. வாசிப்பில் ரொம்பப் பின்தங்கியிருக்கிறான். செப்டம்பரிலிருந்து டீச்சரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "இன்டர்வென்ஷன் (பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி) நடக்கிறது, முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள்.

வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. எழுத்தில் கொடுங்கள். "என் மகனுக்குச் சிறப்புக் கல்வித் தகுதிக்கான முழு மதிப்பீடு வேண்டும். வாசிப்பிலும் எழுத்திலும் சிரமப்படுகிறான்" என்று நாலு வரி போதும். தேதி போட்டு பிரின்சிபாலுக்கும் பள்ளி மாவட்டச் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அதன்பிறகு அவர்கள் உங்கள் ஒப்புதல் கேட்க வேண்டும், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று எழுதித் தர வேண்டும். இன்டர்வென்ஷனைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011 ஜனவரியிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

இன்னொன்று. மதிப்பீட்டை முடிக்க உள்ள 60 நாள் கெடு உங்கள் கடிதத்திலிருந்து ஓடாது, ஒப்புதல் படிவம் பள்ளியின் கைக்குப் போன நாளிலிருந்துதான் ஓடும். (மாநிலம் தனிக் கெடு வைத்திருந்தால் அதுதான் செல்லும். டெக்சஸில் 45 பள்ளி நாட்கள்.) ஸ்கூல் பையின் அடியில், நசுங்கிய பிஸ்கட்டோடு மூன்று வாரம் கிடந்த படிவத்தை ஒரு அப்பா என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மூன்று வாரமும் பள்ளியைத் திட்டிக்கொண்டிருந்தாராம்.

கேள்வி: அக்கா, மகளுக்கு ரிப்போர்ட்டில் பெர்சன்டைல் 16 என்று போட்டிருக்கிறது. நூற்றுக்குப் பதினாறுதானா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

தூங்குங்கள். அது மார்க் இல்லை. அவள் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் பதினாறு பேர் அவளுக்குச் சமமாகவோ கீழாகவோ இருப்பார்கள் என்று பொருள். இந்தச் சோதனைகளில் நடுப்புள்ளி 100, அதிலிருந்து மேலோ கீழோ ஒரு படி என்பது 15 புள்ளி. பெர்சன்டைல் 16 என்றால் ஒரு படி கீழே, 85. கவனிக்க வேண்டிய இடம்தான், இடி விழுந்த இடமில்லை. 70 என்றால் பெர்சன்டைல் 2, அது வேறு பேச்சு.

முதல் பக்கத்து மொத்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். விஸ்க் என்ற அறிவுத்திறன் சோதனையின் ஐந்தாம் பதிப்பில் ஐந்து பகுதி எண்கள் உண்டு. ஒரு பிள்ளைக்கு மொழி 118, வேகம் 79, மொத்தம் 105 என்று வரலாம். ரிப்போர்ட் "சராசரி" என்று முடித்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் ஓயாமல் பதில் சொல்வான், எழுதச் சொன்னால் பாதித் தாள் வெள்ளையாக இருக்கும். "சோம்பேறி" என்று டீச்சர் எழுதுவது இவனைத்தான்.

அந்த 79-க்குள்ளும் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் குறிகளைப் பார்த்து எழுதும் பகுதி ஒன்று உண்டு. ஒரு பெண் ஒவ்வொரு குறியையும் எழுதி, மேலே நிமிர்ந்து சரிபார்த்து, கோணலாக இருந்தால் திருத்துவாள். ஒரு பிழை இல்லை, பாதிகூட முடியாது. பக்கத்து அறைப் பையன் விறுவிறுவென்று எழுதி ஆறு தப்பு விடுவான், நடுவில் ஒரு வரியையே தாண்டிவிடுவான். இருவருக்கும் எண் ஒன்றுதான், தேவை ஒன்றல்ல. ஆகவே பள்ளியில் ரிப்போர்ட்டைப் பேசும் கூட்டத்தில் "அவள் எப்படிச் செய்தாள்?" என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: ஏடிஎச்டி (கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்பு) என்று டாக்டர் லெட்டர் கொடுத்தும் பள்ளி தகுதியில்லை என்கிறது.

டாக்டர் லெட்டர் பாதிச் சாவி. மத்தியச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் 13 வகைகளில் ஒன்றில் பொருந்த வேண்டும் (ஏடிஎச்டி பெரும்பாலும் "பிற உடல்நலக் குறைபாடு" வகையில் வரும்), அதனால் படிப்பு பாதிக்கப்பட்டுத் தனிக் கற்பித்தலும் தேவைப்பட வேண்டும். கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை போதுமென்றால் 504 திட்டம் (சிறப்புக் கல்வி இல்லாமல் இப்படிச் சலுகைகள் மட்டும் தருவது) கேளுங்கள். "வகுப்பு தேறிவிடுகிறானே" என்பது மட்டும் மறுக்கக் காரணமாகாது. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: கவுன்சிலரிடம் போனில் டெஸ்டிங் கேட்டோம். இரண்டு மாதமாகப் பதிலில்லை.

முதல் பதில்.

கேள்வி: எச்1பி-யில் இருக்கிறோம். ஐஇபி (சிறப்புக் கல்விக்கான தனித் திட்டம்) போட்டால் கிரீன் கார்டுக்குச் சிக்கலா?

எந்த விசா என்பதைப் பார்த்துப் பள்ளி மதிப்பீட்டை மறுக்க முடியாது. கிரீன் கார்டுக்குக் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு ஐந்து வயது. பேச்சு தாமதம். வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்கிறார் கிண்டர்கார்ட்டன் டீச்சர்.

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வராது. குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். ஆங்கிலம் போதாததே முக்கியக் காரணமென்றால் சிறப்புக் கல்வித் தகுதி கொடுக்கவே சட்டம் இடம் தராது. ஆகவே அவன் தமிழில் எப்படி என்பதுதான் முதல் கேள்வி.

இடையில் ஒருவர்: மேடம், மன்னிக்கணும். நாங்கள் தமிழை நிறுத்தினோம், ஆறே மாதத்தில் ஆங்கிலம் வந்துவிட்டது. அனுபவம் பெரிதா, புத்தகம் பெரிதா?

அந்த ஆறு மாதமும் அவன் பள்ளிக்கும் போனான் அல்லவா? தமிழை விடாத வீட்டுப் பிள்ளைக்கும் ஆங்கிலம் வந்திருக்கும்.

அவரே: டீச்சர் உச்சரிப்பே தப்பு என்றாரே! "வாட்டர்" சொல்லத் தெரியவில்லையாம்.

ஆங்கிலத்தில் "வ" போன்ற ஒலி இரண்டு, தமிழில் ஒன்று. உதட்டைப் பல்லில் வைத்துச் சொல்லியிருப்பான். அது நம் வீட்டு ஒலி, நோயில்லை. "நேத்து போவேன்" என்று ஐந்து வயதில் தமிழிலேயே சொன்னால், ஒரு கதையை முன்பின் கோக்கத் தெரியாவிட்டால், அப்போது கவலைப்படுகிறேன்.

ஒரு தாத்தா: அம்மா, தமிழை நிறுத்தினால் நான் பேரனோடு எதில் பேசுவது? என் இங்கிலீஷ் பேரனுக்கே சிரிப்பு.

ஐயா, நீங்கள்தான் இங்கே முக்கியமான ஆள். அவனை ஒரு கதை சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். குறுக்கே எடுத்துக்கொடுக்காதீர்கள். அதைப் பள்ளிப் பேச்சு நிபுணரிடம் கொடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளி முடிவில் உடன்பாடில்லை. வெளியே காசு கொடுத்து டெஸ்ட் பண்ணட்டுமா?

பொறுங்கள். மாவட்டச் செலவில் வெளியார் மதிப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் செலவை ஏற்க வேண்டும், அல்லது தங்கள் மதிப்பீடு சரி என்று நிரூபிக்க விசாரணை கோர வேண்டும். நீங்களே காசு கொடுத்து வாங்கினாலும் அந்த ரிப்போர்ட்டைக் கூட்டம் பரிசீலிக்கத்தான் வேண்டும், ஏற்றே தீர வேண்டும் என்றில்லை.

கேள்வி: டீச்சரிடம் நேரில் சொல்லிவிட்டோம், அது போதுமா?

அம்மா தாயே! எழுத்தில்.

கேள்வி: நாளைக்குக் கூட்டம். அங்கேயே கையெழுத்துக் கேட்பார்களா?

வருகைக் கையெழுத்து வேறு, சேவைக்கான ஒப்புதல் வேறு. எதில் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போடுங்கள். ஒப்புதலை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துத் தரலாம். முதல் முறை உங்கள் எழுத்து ஒப்புதல் இல்லாமல் சேவை தொடங்க முடியாது. ரிப்போர்ட் பிரதியை இன்றைக்கே கேளுங்கள்.

தாத்தா: பதிவு செய்துவிட்டேன் அம்மா. நாலு நிமிஷம். நரி கதை. நடுவில் வாயைத் திறக்காமல் இருந்தது ரொம்பக் கஷ்டம்.

தெரியும் ஐயா. எனக்கு அனுப்ப வேண்டாம், நிபுணரிடமே போகட்டும். நரி ஏன் அப்படிச் செய்தது என்று அவனாகவே "ஏன்னா" போட்டுச் சொன்னானா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தாத்தா: இரண்டு இடத்தில் சொல்கிறான்.

அதையும் எழுதிக் கொடுங்கள்.